எந்த வருஷத்து மலை?

கொலுவில் இருக்கும் பொம்மைகளுக்கெல்லாம் ஒரு பூர்வோத்தரம் உண்டு. மரப்பாச்சி அம்மாவின் கல்யாணத்தோடு வந்தது. தசாவதார செட் காஞ்சிபுரத்தில் வாங்கியது. செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்தது எந்த வருஷம், யார் கையால் என்பது வரை வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் தரையில் போடுகிறோமே பார்க், மலை, குளம், அதற்கு மட்டும் பரம்பரை கிடையாது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் புதிதாகச் செய்வோம். விஜயதசமி முடிந்ததும் கூட்டி அள்ளிவிடுவோம்.

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். சுற்றுவட்டாரத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை (சுவாமிமலைக்காரர்கள் மன்னிக்க, அது கட்டுமலை). அதனால் அம்மா செய்த மலை எந்த மலையாகவும் இருக்கும். செங்கல்லை அடுக்கி, களிமண் குழைத்து அப்பி, கடுகையும் கேழ்வரகையும் தூவி ஈரத்துணி போட்டு வைத்தால் மூன்றாம் நாள் பச்சைப் பசேலென்று முளைத்து நிற்கும். உச்சியில் முருகனை வைத்தால் பழனி, சிவனை வைத்தால் கைலாயம்.

மைசூருக்கு மாற்றலாகி வந்த பிறகு அந்தச் சௌகரியம் போய்விட்டது. இங்கே மொட்டை மாடிக்குப் போனால் எதிரே சாமுண்டி மலை நிற்கிறது. இங்கேயே வளர்ந்த, எட்டாம் வகுப்புப் படிக்கிற என் பெண்ணுக்கு மலை என்றால் அதுதான். "அதே மாதிரி இருக்கணும்ப்பா, சும்மா கூம்பு மாதிரி வேண்டாம்" என்றாள். சரி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்வோம் என்று போன வருஷம் இறங்கினோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை.

செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருப்புநிலைக் குறிப்பின் தலையில் 'மார்ச் 31 அன்று உள்ளபடி' என்று ஒரு தேதி இருக்கும். அது இல்லாவிட்டால் கீழே உள்ள எண்களுக்கு அர்த்தமே இல்லை. ஒரு நிலப்பரப்பின் மாடலும் அப்படித்தான். எந்தத் தேதியில் உள்ளபடி என்று முடிவு செய்யாமல் ஒரு கோபுரத்தைக்கூட அதில் நட முடியாது.

தேதி இருக்கட்டும், முதலில் அளவு. கடல்மட்டத்திலிருந்து மலையுச்சி சுமார் 1,060 மீட்டர். மைசூர் நகரம் சுமார் 770. ஆக, நம் கண்ணுக்குத் தெரியும் மலை 290 மீட்டர்தான். அகலம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். 5,000-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அகலம் 60 செ.மீ. வரும், அது ஹாலில் அடங்கும். ஆனால் உயரம் 6 செ.மீ. கூட வராது. ஊத்தப்பம் மாதிரி இருக்கும்! அதனால் உயரத்தை மட்டும் மூன்று மடங்காக்குவது. இது ஏமாற்று இல்லை. நிலப்பரப்பு மாடல்கள் பலவற்றிலும் இப்படி உயரத்தைக் கூட்டித்தான் காட்டுவார்கள். நாமும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது மலையை அதன் நிஜ விகிதத்தைவிட நெட்டையாகத்தானே மனசில் வாங்கிக்கொள்கிறோம்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு இருக்கும். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொரு கோட்டின் வடிவத்துக்கும் ஒரு அட்டை வெட்டி அடுக்கினால் மலை வந்துவிடும். நம் கணக்கில் 20 மீட்டர் என்பது 12 மில்லிமீட்டர். பார்சல் பெட்டியின் ஐந்தடுக்கு அட்டை இரண்டை ஒட்டினால் ஏறத்தாழ அந்தத் தடிமன் வருகிறது. மொத்தம் பதினைந்து அடுக்கு. (தெர்மகோல் சுலபம்தான். ஆனால் அலங்காரத்துக்குத் தெர்மகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை முதல் நாடு முழுக்கத் தடை.)

இந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருக்கிற கதையும் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். அந்தப் படையெடுப்பில் ஓர் இரவு, படை தப்பான திசையில் போகிறது என்பதை நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்ன அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் லாம்டன். யுத்தம் முடிந்ததும் அவர் பெங்களூர் அருகே அளவுக்கோடு போட்டுப் பழகிப் பார்த்தார். பிறகு 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவைக்குத் தொடக்கம். அதே காலத்தில் மைசூர் ராஜ்யத்தை ஊர் ஊராக அளந்தவர் காலின் மெக்கன்சி. கூடவே சுவடிகளையும் கல்வெட்டுகளையும் வாய்மொழிக் கதைகளையும் சேர்த்துக்கொண்டே போனார். ஒரு சண்டை முடிந்த கையோடு, பிடித்த நாட்டின் கணக்கை எழுத வந்தவர்கள் இவர்கள். கணக்கு என்னவோ சுத்தமாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அட்டை மலை படிப்படியாக, கிட்டத்தட்ட கொலுப்படி மாதிரியே இருக்கும். அதன் மேல்தான் பிளாஸ்டர்.

நம் ஊர்க் கோபுரத்துப் பொம்மைகள் சுதை. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் என்று அரைத்துச் செய்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கி இறுகும். அவசரப்படாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேறு ஜாதி. அது ஜிப்சம் என்கிற கல். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்ணீர்தான், கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். சுமார் 150 டிகிரியில் வறுத்தால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு போய் வெள்ளை மாவாகிவிடும். மறுபடி தண்ணீரைக் காட்டினால், இழந்ததை வாங்கிக்கொண்டு சில நிமிஷங்களிலேயே கல்லாகிவிடும். கடனை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுப்பது போல. பாரிஸின் மோன்மார்த் குன்றில் இந்தக் கல் ஏராளமாக வெட்டியெடுக்கப்பட்டதால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1666-ல் லண்டன் எரிந்ததைப் பார்த்து மிரண்ட பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, மரவீடுகளுக்கெல்லாம் பிளாஸ்டர் பூச வேண்டும் என்று அடுத்த வருஷமே உத்தரவு போட்டான். தீ பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

மைசூருக்கும் அந்த அனுபவம் உண்டு. பழைய மர அரண்மனை 1897-ல், இளவரசியின் கல்யாண சமயத்தில் எரிந்து போயிற்று. அதற்குப் பதிலாக ஹென்றி இர்வின் கட்டிய கல்லும் இரும்புமான அரண்மனைதான் 1912-ல் முடிந்து இன்று நாம் பார்ப்பது. சென்னைக்காரர்களுக்கு இர்வினைத் தெரிந்திருக்கும். உயர் நீதிமன்றக் கட்டடத்தில் அவர் கை உண்டு. மைசூர் அரண்மனைக்குள் நுழைந்ததும் வருவது பொம்மைகளுக்கென்றே ஒதுக்கிய 'கொம்பே தொட்டி'. கொம்பே என்றால் பொம்மை. தொட்டி நம் தொட்டிக்கட்டு வீட்டுத் தொட்டிதான். அரண்மனையிலும் கொலு, அடுக்குமாடியிலும் கொலு.

இனி செய்முறை. முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது ஹார்டுவேர் கடை பிளாஸ்டர் அல்ல, மெடிக்கல் ஷாப் பிளாஸ்டர். எலும்பு முறிந்தால் சுற்றுவார்களே, அந்த பி.ஓ.பி. பேண்டேஜ் சுருள். 1850-களின் தொடக்கத்தில் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர், துணியில் பிளாஸ்டர் மாவைத் தேய்த்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நனைத்துச் சுற்றுகிற முறையைக் கொண்டுவந்தார். அதே சுருளைத்தான் பொம்மை ரயில் வைத்து விளையாடும் வெள்ளைக்காரத் தாத்தாக்கள் மலை செய்யப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, லேசாக வழித்து, அட்டை மேல் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி போர்த்துங்கள். படிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டால் சரிவு இயல்பாக வரும். இரண்டு அடுக்கு போதும். அரைமணியில் இறுகிவிடும்.

அதற்கு மேல்தான் மாவு. ஒரு பங்கு தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு பங்கு மாவை மழை மாதிரி தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். ரவா உப்புமா கிளறத் தெரிந்த எவருக்கும் இது கைவரும். ஒரு நிமிஷம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்கி, பிரஷ்ஷால் பூசலாம். உப்பு கலந்தால் சீக்கிரம் இறுகும், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் தாமதிக்கும். பழைய பிளாஸ்டர் ஒட்டிய கிண்ணத்தில் கலக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் கெட்டியாகிவிடும்.

குழந்தைகளோடு செய்பவர்கள் இரண்டு விஷயம் கட்டாயம் பார்க்க வேண்டும். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும், கெட்டியாக இருந்தால் கையைச் சுடும் அளவுக்கு. குழந்தைகள் கையையோ விரலையோ அதற்குள் புதைத்து அச்சு எடுக்கவே கூடாது. மாவைக் கொட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மீதியைச் சிங்க்கில் ஊற்றவும் கூடாது, குழாய்க்குள் போய்க் கல்லாகிவிடும். மலையைக் குளத்திலோ ஏரியிலோ கரைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அது கரையாது. பிளாஸ்டர் விக்கிரகங்கள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய வழிகாட்டுதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். நம் மலை பரண்மேல் ஏறப்போவது, அதனால் தொல்லை இல்லை.

காய இரண்டு நாள் விட்டோம். செம்மண்ணைச் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் குழைத்துப் பூசினோம். சாமுண்டி மலையின் கிரானைட்டுக்கு இளஞ்சிவப்பு ஓட்டம் உண்டு, அதற்கு இது சரியாகப் பொருந்துகிறது. புல்லுக்கு மரத்தூளில் பச்சைச் சாயம். மரத்துக்குப் பீர்க்கங்காய் நார்.

வெள்ளை மலை மண்மலை ஆனதும் பெண் கோபுரத்தைக் கையில் எடுத்தாள். அங்கேதான் தேதிப் பிரச்சினை வந்தது.

மலை மேல் இருக்கும் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்துச் சொத்து. கோயில் பழையது. ஆனால் நாம் போட்டோ எடுக்கிற அந்த உயரமான கோபுரம் 1827-ல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. திப்புவுக்குப் பிறகு கும்பினியார் ஐந்து வயதில் அரியணையில் உட்கார வைத்தார்களே, அவர்தான். ஆயிரம் படிகளும் எழுநூறாவது படிக்கு அருகிலுள்ள பெரிய நந்தியும் அவருக்கும் முன்னால், 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் காலத்தவை. அடிவாரத்தில் வெள்ளையாகத் தெரியும் லலித மகால் மாளிகைக்கு 1921-ல்தான் அஸ்திவாரம். ஆக, நந்தி இருந்து கோபுரம் இல்லாத மலை ஒன்று நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் நின்றிருக்கிறது. 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தசரா தொடங்கியபோது அந்த நந்திகூடக் கிடையாது.

நந்தியைப் பற்றி ஒரு வேடிக்கை. ஒரே கல்லில் செதுக்கியது, நீளம் சுமார் 25 அடி. 5,000-ல் ஒரு பங்கு என்றால் ஒன்றரை மில்லிமீட்டர். பெண் அடுக்களைக்குப் போய் ஒரு கடுகைக் கொண்டுவந்து வைத்தாள். கறுப்பு நந்தி, கறுப்புக் கடுகு. அம்மாவின் மலையில் புல்லாக முளைத்த கடுகு இங்கே நந்தியாக உட்கார்ந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஜம்பூ சவாரி செட் ஒன்று இருக்கிறது. இங்கே வந்த முதல் வருஷம் வாங்கியது. அதில் அம்பாரியில் ராஜா உட்கார்ந்திருக்கிறார். இன்றைய தசராவில் அம்பாரியில் வருவது சாமுண்டேஸ்வரி விக்கிரகம். 1971-ல் மன்னர் மானியம் ஒழிந்து, தசரா அரசு விழாவாகிவிட்டது. ராஜாவை வைக்க வேண்டுமானால் அதற்கு முந்தின தேதி வேண்டும். சீரியல் பல்பு வேண்டுமானால், மைசூருக்கு மின்சாரம் வந்த 1908-க்குப் பிந்தின தேதி வேண்டும். லலித மகாலும் வேண்டும், பிருந்தாவனமும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பெண் ஒரு வருஷத்தைச் சொன்னாள்: 1932.

1932 என்றால் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அம்பாரியில் இருக்கலாம். மிர்ஸா இஸ்மாயில் திவான். அப்புறம், 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணை முடிந்திருக்கும்.

தஞ்சாவூர் ஜில்லாக்காரன் வீட்டுக் கொலுவில் கே.ஆர்.எஸ். அணை! அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வைங்கோ. ஆனா மதகைத் திறந்தே வைங்கோ" என்றார்.

கர்நாடகத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் ஜோக் இல்லை. 1991-ல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்த பிறகு, அந்த டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கமும் தமிழர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை மூத்தவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்ததை நாமே டி.வி.யில் பார்த்தோம். ஆனால் வழக்கு என்னவோ நமக்கெல்லாம் முந்தியது. 1892-ல் ஓர் ஒப்பந்தம். விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது மைசூர் பெரிய அணை கேட்டது, சென்னை சின்னதற்குத்தான் ஒப்பியது. மைசூரோ பெரிய அணைக்கே அஸ்திவாரம் போட்டது. 1914-ல் மத்தியஸ்தர் தீர்ப்பு, அப்பீல், கடைசியில் 1924 பிப்ரவரி 18-ல் இன்னோர் ஒப்பந்தம். அதன்படி இங்கே கே.ஆர்.எஸ்., அங்கே மேட்டூர். மேட்டூர் முடிந்தது 1934-ல். எங்கள் மாடலின் தேதியில் அது இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது.

மலையிலிருந்து அணை ஏறத்தாழ 20 கி.மீ. எங்கள் அளவில் நாலு மீட்டர். அதாவது சமையலறை மேடைக்கு அருகில்! கும்பகோணம் நேர்க்கோட்டில் 330 கி.மீ., 66 மீட்டர், எதிர் அபார்ட்மெண்டின் கார் ஷெட். மனைவி சமையலறையைக் கொடுக்க மறுத்ததால் அணையை மலைக்குப் பக்கத்திலேயே வைத்து, இடையில் ஒரு கோலப்பொடிக் கோடு போட்டு 'இங்கே 20 கி.மீ. விடுபட்டுள்ளது' என்று எழுதிவிட்டோம். 2,621 மீட்டர் நீள அணை அரை மீட்டர் வந்தது. நிஜ அணையில் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் காரைதான். அதை நினைத்துக்கொண்டு, பிளாஸ்டரில் கொஞ்சம் செங்கல் பொடி கலந்து கட்டினோம்.

தண்ணீருக்கு என்ன செய்வது? கண்ணாடி வைப்பது பழைய வழக்கம். பெண் முகம் பார்க்கும் கண்ணாடியை வேண்டாமென்று, போட்டோ ஃபிரேமில் இருந்த சாதாக் கண்ணாடியை எடுத்தாள். இந்த ஊர்ப் பெரியவர்கள் அணையை கே.ஆர்.எஸ். என்று சொல்வதில்லை, 'கண்ணம்பாடி கட்டே' என்றுதான் சொல்வார்கள். அணைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த கண்ணம்பாடி கிராமம் நீருக்குள் போய்விட்டது. கூடவே ஹொய்சளர் காலத்து வேணுகோபாலசுவாமி கோயிலும். மேட்டூரிலும் அதே கதை. நீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும். இங்கே கோடையில் கோபாலசுவாமி தலை காட்டுவார். இந்த நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து, நீர்மட்டத்துக்கு மேலே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். 1932-ல் அது உள்ளேதான். அதனால் ஏரியின் அடியில் ரப்பர் துண்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டர் கோயில், நாலு குடிசை, ஒரு வண்டிப்பாதை. அதற்கு மேல் நீல மை லேசாகத் தடவிய கண்ணாடி.

சப்தமி அன்று தாம்பூலம் வாங்க வந்த கீழ் வீட்டு அஜ்ஜி, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடுகு நந்தியைக் காட்டியதும் சிரித்தார். அணையைப் பார்த்ததும், "கண்ணம்பாடி எல்லி?" என்றார். கட்டையைக் கேட்கிறாரா, ஊரைக் கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. பெண் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, சீரியல் பல்பு ஒன்றைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனாள். அஜ்ஜி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். தண்ணீர் வற்றிய ஒரு வருஷம் தன் அப்பா அழைத்துப் போய்க் காட்டியதாகவும், பிராகாரத்தில் சேறு முழங்கால் வரை இருந்ததாகவும் கன்னடத்தில் சொன்னார். பிறகு, கோயில் வாசலை ஆற்றைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார்.

அன்று ராத்திரியே கண்ணாடியை எடுத்துத் திருப்பி ஒட்டினோம்.